நான் பார்த்தது முதுகு மட்டும்

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே உன் சித்தி முழு நலம். நான் கழுத்துக்குக் கீழே நலம், தலைக்குள்தான் நாலு நாளாக ஒரே குழப்பம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போய் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய நாவல் வந்தது. முந்நூறு பக்கத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். சித்தியைக் கேட்காதே, மூன்று வாரம் ஆனது என்பாள், அவளுக்கும் கணக்குக்கும் என்றுமே ஆகாது. எட்டாவதோடு நின்றவன் படிக்கிற படிப்பா இது, என் வாத்தியார் அன்றே சொன்னார், உன் மூளை இந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தாங்காதுடா என்று. ஒன்பது வயதுப் பொடியன் கதை சொல்வது எனக்குப் பிடித்தது. தானியக் கிடங்கு எரிகிறது, மூட்டை தூக்கும் கறுப்பின ஆள்மேல் பழி விழுகிறது. முதல் சாட்சி அவனை அந்தத் தெருவில் பார்த்தேன் என்கிறான், அடுத்தவன் கையில் தீப்பெட்டி இருந்தது என்கிறான், மூன்றாமவன் சிரித்துக்கொண்டே கிழித்தான் என்கிறான். மூவருமே அங்கே இல்லை என்பது பொடியனுக்கு மட்டும் தெரியும். அந்த ஆளுக்கு இருபது வருடச் சிறை. நான் அழுத அழுகையில் தலையணையைப் பிழிந்து கொடியில் போட்டோம். மூன்றாவது சாட்சியை வாய்க்கு வந்தபடி திட்டினேன், திட்டும்போதே பாதியில் வாய் அடைத்துவிட்டது. காரணத்தை உன் சித்திக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

எங்கள் ஓட்டல் சலவைக்கூடத்தில் தேய்ப்பு மேசைக்கு நான்தான் தலைவன், மேசை இரண்டுதான் என்பது வேறு விஷயம். பெரிய மெஷினில் துணி போட்டு எடுப்பவனை நெட்டையன் என்போம். அவனுக்கும் நாவலில் வருகிற ஆளின் நிறம்தான், ஒன்பது வருடமாக என்னோடு வேலை செய்கிறான். போன மாதம் ஓட்டலில் தங்கியவர் ஒருவரின் கோட்டு காணாமல் போனது. மேலாளர் வந்து யாராவது எதையாவது பார்த்தீர்களா என்றார். எல்லோரும் சும்மா நிற்க, எனக்குத்தான் நாக்கு நமைக்குமே, கோட்டு மாட்டும் கம்பிப் பக்கம் நெட்டையன் நின்றதைப் பார்த்தேன் என்றேன். அது சத்தியம். ஆனால் அங்கே நாங்கள் ஆறு பேரும் தினமும்தான் நிற்போம், வாயைத் திறந்ததும் அவன் பெயர் மட்டும் ஏன் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மேலாளர், அப்புறம் என்றார். ஆயுசில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை மகளே. கோட்டை மடித்தான் என்றேன், இரண்டு பக்கமும் பார்த்தான் என்றேன், பட்டன் பளபளத்தது என்றுகூடச் சொன்னேன். அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன், அன்றே நெட்டையனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போனால் ஓட்டல் கொடுத்த அறையும் போகும், மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

என் குழப்பத்தைக் கேள். கூடத்தில் என் பெயர் ரேடியோ. ஒரு தடவை பதினாறு மணி நேரம் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமல் தேய்த்தேன் என்றதற்கு, துணி மடிக்கிற அக்கா, அப்போ சோறு யாரு ஊட்டினாங்க என்றாள். நான் சொன்ன ஒன்றைக்கூட நம்பாதவர்கள் நெட்டையனைப் பற்றிச் சொன்னதை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிட்டார்கள். நேற்று மேலாளரிடம் போய், அவன் கோட்டைத் தொட்டதையே நான் பார்க்கவில்லை ஐயா என்றேன். "பயப்படாதீங்க, அவங்க ஆளுங்க உங்களை ஒண்ணும் பண்ணாம நாங்க பாத்துக்கறோம்" என்று சிரித்தார். பொய்யை எழுதிக்கொண்டவர் உண்மைக்குப் பேனாவைத் தொடவில்லை.

அங்கிருந்து நெட்டையன் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தவன் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். ஏதோ பேச்சுக்குச் சொன்னது இப்படி ஆகிவிட்டது என்று இழுத்தேன். "நீ கதை விடுவேன்னு எனக்குத் தெரியும் ரேடியோ. அவங்களுக்கும் தெரியும்" என்றான். தெரிந்துமா நம்பினார்கள் என்று கேட்க வாயெடுத்தேன், அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. நீ படித்தவள், உனக்குப் புரிந்தால் எழுது.

கோட்டை யார் எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. வேறு ஒருவன் எடுத்ததைப் பார்த்தேன் என்று நன்றாகச் சோடித்துச் சொன்னால் நெட்டையன் தப்பிப்பான் என்றுகூட யோசித்தேன், நம்பும்படி சொல்ல என்னைவிட ஆள் உண்டா. ஆனால் அந்த வேறு ஒருவனாக யாரைச் சொல்வது? கூடத்தில் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன், யார் தலையிலும் கட்ட மனம் வரவில்லை. அதனால் ஒரே வரி எழுதி வைத்திருக்கிறேன், கம்பிப் பக்கம் நெட்டையன் முதுகைப் பார்த்தேன், வேறு எதையும் பார்க்கவில்லை என்று. விசாரணையில் அதை எழுந்து நின்று வாசிப்பேன். நம்பினாலும் சரி, எனக்கும் சேர்த்துச் சீட்டைக் கிழித்தாலும் சரி.

நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மூக்கடைப்புக்கு ஆவி பிடி. இது உன் கைக்கு வருவதற்குள் வெள்ளிக்கிழமை போயிருக்கும். என்ன நடந்தது என்று போனில் என்னைக் கேட்காதே, துணி மடிக்கிற அந்த அக்காவைக் கேள், அவள்தான் உள்ளதை உள்ளபடி சொல்வாள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா