புசேனி இறங்கிய வெள்ளிக்கிழமை

கள்ளக்குறிச்சி,
வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு.

என் கண்ணு பிர்தௌசுக்கு அத்தா மஜீத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி சுஐபும் அல்லாஹ்வின் கிருபையால் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாயிருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். ஜூன் மாதத்தில் ஏது குளிர் என்று சிரிப்பாய். அல்பேனியா என்றாலே நீ முதல் வருஷம் அனுப்பிய அந்தப் பனி போட்டோதான் எனக்குக் கண்ணில் வருகிறது, என்ன செய்ய. தினமும் போனில் பேசுகிற அத்தா இன்று எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். இதை உன் கையில் கொடுப்பவனை உனக்கு நன்றாகத் தெரியும். நீ வேலை பார்க்கிற கால்பந்து கிளப்பில் போன வருஷம் வரை ஆடிய கானா நாட்டுப் பிள்ளை, இத்ரிசு புசேனி. உன்னிடம் நேரில் நின்று சொல்ல வேண்டியது ஒன்று அவனிடம் இருக்கிறது, அதைச் சொல்லி முடிக்கும்வரை போனில் மூச்சுவிடக் கூடாது என்று எங்களிடம் வாக்கு வாங்கிவிட்டான். சாயங்காலம் ஆறு மணிக்கு அவனுக்குச் சென்னை பஸ். நாளைக்கு விமானம். சுஐபும் அவனும் பள்ளிக்கூட மைதானம் வரை நடந்துவிட்டு வரப் போயிருக்கிறார்கள், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும், அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

காலையில் ஏழு மணி இருக்கும். கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மலையாளம் மாதிரி ஒரு மலையாளம். "மஜீத் இக்கா ஆனோ? ஞான் பஸ் ஸ்டாண்டில் உண்டு, ஃபிர்தௌஸ் ஃபிரெண்ட்" என்றான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து, செருப்புகூட மாறிப் போட்டுக்கொண்டு போனேன். செருப்புக் கடைக்காரன் ஜோடி மாற்றிப் போட்டுக்கொண்டு போனதை இன்னும் நான்கு நாளைக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். அங்கே சேலம் பஸ் நிற்கிற பக்கம் ஆறடிக்கு மேல் உயரத்தில் ஒருவன், தோளில் பெரிய பை, சுற்றிலும் பத்துப் பேர். என்னைப் பார்த்ததும் சலாம் சொல்லி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். போன நவம்பரில் சென்னையில் இறங்கி, கேரளாவில் மலப்புறத்துக்கு, அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் பந்தாட்டம் ஆடப் பஸ்ஸில் போயிருக்கிறான். வழியில் கள்ளக்குறிச்சி என்று போர்டைப் பார்த்ததும் எங்கேயோ படித்த பேராக இருக்கிறதே என்று யோசித்திருக்கிறான். டேப்பும் கட்டுத்துணியும் போட்டுத் தூக்கிக்கொண்டு நீ திரிவாயாமே, நம் கடையின் மஞ்சள் பை. அதில் இங்கிலீஷில் ஊர்ப் பெயரும் நம்பரும் இருக்கும் அல்லவா. அந்தப் பை ஓரத்தில் விழுந்த ஒரு போட்டோ அவன் போனில் இருந்தது. அன்றைக்கே முடிவு செய்தானாம், திரும்பும்போது இங்கே இறங்குவது என்று.

வீட்டுக்கு அழைத்து வந்ததும் உன் அம்மா இடியாப்பமும் பாயாவும் வைத்தாள். சாப்பிடவிட்டேனா நான்? எனக்கு இரண்டு வருஷமாக உள்ளே கிடந்த கேள்விகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நீ போனில் எல்லாம் நல்லபடியா இருக்குத்தா என்பதோடு முடித்துவிடுகிறாய். அவன் தனக்குத் தெரிந்த மலையாளத்திலும் இங்கிலீஷிலும் நிதானமாகச் சொன்னான். முதல் பிரிவில் பத்து அணிதானாம், ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் வருஷத்துக்கு நான்கு தடவை மோத வேண்டுமாம். அதே ஆளிடம் நான்கு தடவை அடி வாங்கினால் பகை வராதா என்று கேட்டேன், வரும் என்றான். ஏஜென்ட் ஐரோப்பா என்று சொன்னதும் இவன் இத்தாலி என்றே நினைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான், போய்ச் சேர்ந்த பிறகுதான் இத்தாலி கடலுக்கு அந்தப் பக்கம் என்று தெரிந்ததாம். அங்கே வருகிற நைஜீரியாக்காரர், பிரேசில்காரர், கானாக்காரர் எல்லோருக்கும் கண் அந்தக் கடலுக்கு அப்பால்தானாம், யாராவது பெரிய கிளப்காரர் வந்து பார்த்துக் கூட்டிப் போகமாட்டாரா என்று. சிலர் போய்விடுவார்கள், சிலர் அங்கேயே கல்யாணம் செய்து காபிக் கடை வைத்துவிடுவார்கள், சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியாதாம். இவனோடு ஒரே அறையில் இருந்த பிரேசில்காரனுக்கு இங்கிலீஷ் தெரியாது, இவனுக்கு அவன் பாஷை தெரியாது, இரண்டு பேரும் அல்பேனியப் பாஷை கற்றுக்கொண்டு அதில்தான் சண்டை போட்டுக்கொண்டார்களாம். இன்னொன்று சொன்னான், அங்கே ஆமாம் என்பதற்கு இல்லை என்பதுபோல் தலையை ஆட்டுவார்களாம். உன் அம்மா இன்னும் கொஞ்சம் பாயா ஊற்றட்டுமா என்று கேட்க, இவன் தலையை ஆட்ட, ஊற்றுவதா வேண்டாமா என்று அவள் கரண்டியோடு நின்றாள். வெகு நாளைக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சிரித்தோம். இத்ரீஸ் என்கிற பெயர் எப்படி இத்ரிசு ஆனது என்று கேட்டேன், அவன் ஊரில் கடைசியில் ஓர் உ வைத்துத்தான் சொல்வார்களாம். நம்மைப் போலவே என்றதும் அவனுக்கு ஒரே சந்தோஷம்.

பிறகு அவன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, வலது காலின் முன்னெலும்பில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். போன வருஷம் மே மாதம் உங்கள் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுமோ என்கிற கடைசி ஆட்டம். இவனுக்கு இரண்டு மாதமாக அந்த இடத்தில் வலி. யாரிடமும் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிகிற நேரம், காலில் வலி என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே. நீ கட்டை விரலால் அந்த இடத்தை அழுத்தினாயாம், ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னாயாம், அவன் இரண்டு தடவை குதித்துவிட்டு மூன்றாவது தடவை சுவரைப் பிடித்துக்கொண்டானாம். எலும்பில் விரிசல் இருக்கும், ஸ்கேன் எடுக்காமல் ஆடக் கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய். மேனேஜர் வலிக்கு ஊசி போட்டு ஆட்டத்தில் இறக்கிவிடலாம் என்றிருக்கிறார். நீ கட்டுப்போட மறுத்து, இவர் ஆடத் தகுதியில்லை, ஓய்வு கொடுத்தால் முழுசாகக் குணமாகும் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்துவிட்டாய். அன்றைக்கு உன்மேல் அதிகம் கோபப்பட்டது மேனேஜர் இல்லையாம், இவன்தானாம். என் சோற்றைப் பிடுங்குகிறாய் என்று எல்லோர் முன்னாலும் உன்னைப் பார்த்துக் கத்தியிருக்கிறான். நீ அழாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாயாம். உங்கள் கிளப் அந்த ஆட்டத்தை டிரா செய்து எப்படியோ தப்பித்தது, இவனை அடுத்த வாரமே அனுப்பிவிட்டார்கள், உன்னையும் பெரியவர்கள் அணியிலிருந்து எடுத்து ஜூனியர் பிள்ளைகளைப் பார்க்கப் போட்டுவிட்டார்கள்.

ஊருக்குப் போய் ஸ்கேன் எடுத்தால் நீ கை வைத்த அதே இடத்தில் விரிசல். அன்று முழு ஆட்டம் ஓடியிருந்தால் எலும்பு இரண்டாகியிருக்கும் என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறார். ஐந்து மாதம் உட்கார்ந்து எழுந்து, மலப்புறத்தில் ஆடி, இப்போது அல்பேனியாவில் வேறு ஊர்க் கிளப் ஒன்று இவனைக் கூப்பிட்டிருக்கிறது. அவர்கள் பழைய காகிதங்களைக் கேட்டபோது உன் கையெழுத்துப் போட்ட சீட்டு அதில் இருந்ததாம். காயத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து நிறுத்தியிருக்கிறார்கள், ஆளை எடுக்கலாம் என்று அவர்கள் டாக்டர் சொன்னது அதைப் பார்த்துத்தானாம். இதை எல்லாம் சொல்லிவிட்டு அவன் என்னைப் பார்த்துப் பாதி மலையாளமும் பாதி இங்கிலீஷுமாக, "மகளுக்கு நன்றி சொல்றதுக்கு முன்னாடி அவளோட வாப்பா வீட்டுக்கு வரணும், எங்க நாட்டு வழக்கம்" என்கிற அர்த்தம் வரச் சொன்னான். அதைக் கேட்டு உன் அம்மா சொன்னாள், அவனிடம் இல்லை, என்னிடம்: "ஏங்க, நம்ம பொண்ணப் பத்தி யாரோ ஒரு புள்ள கடல் தாண்டி வந்து சொல்லித்தான் நமக்குத் தெரியணுமா?"

பிர்தௌசு, போன வருஷம் பெருநாள் வியாபாரத்தில் கடையில் நிற்க இடமில்லாத ஒரு நாள் நீ போன் செய்தாய். ஒருத்தனுக்கு நல்லது என்று நினைத்துச் செய்தது அவன் பிழைப்பைக் கெடுத்தால் அது தப்பா அத்தா என்று கேட்டாய். அப்புறம் பேசறேன் என்று வைத்தேன், அப்புறம் பேசியபோது நவுஷாத் பாய் தன் மகனுக்கு உன்னைக் கேட்கிற சம்பந்தத்தைப் பற்றிப் பேசினேன். நீ திரும்பக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது தப்பில்லை கண்ணு. ஒரு வருஷம் பிந்திச் சொல்கிறேன். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். உளுந்தூர்பேட்டை நவுஷாத் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது, ஆம்பிளைகள் காலைப் பிடிக்கிற வேலை நம் குடும்பத்துக்கு எதற்கு என்று நவுஷாத் பாயின் சம்சாரம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு, இந்த ஜூனோடு ஒப்பந்தம் முடிகிறது, வந்துவிடுவாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை ஜாஸ்தி, சீக்கிரம் வா என்று போன மாதம் சொன்னதுகூட அதற்காகத்தான், அவளுக்குச் சர்க்கரை அளவாகத்தான் இருக்கிறது. இன்று காலை அவன் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது நினைத்துக்கொண்டேன், நாற்பது வருஷமாகக் குனிந்து கண்டவர் காலையும் பிடித்துச் செருப்பு மாட்டித்தான் உங்களைப் படிக்க வைத்தேன், என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லையே என்று. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதைத்தான் அன்றைக்கு நவுஷாத் வீட்டாரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஜும்ஆவுக்கு அவனையும் அழைத்துக்கொண்டு போனேன். பள்ளிவாசல் முழுக்க இவனைத்தான் பார்த்தது. வெளியே வந்ததும் இன்னா பாய், யாரு இவரு என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். இதுவரை நீ வெளிநாட்டில் ஆஸ்பத்திரி வேலை என்றுதான் சொல்லி வந்தேன். இன்றைக்கு, "எம் பொண்ணு அல்பேனியாவுல புட்பால் ஆடறவங்க காலுக்கு வைத்தியம் பாக்குது, இந்தப் புள்ள காலையும் அதுதான் காப்பாத்துச்சு" என்றேன். நான் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. ஒருவர் தன் மூட்டு வலிக்கு நீ எப்போது ஊருக்கு வருவாய் என்று கேட்டார், மற்றவர்கள் அல்பேனியா எந்தப் பக்கம், அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்களா, இவருக்குச் சம்பளம் எவ்வளவு என்று அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் நவுஷாத்துக்குப் போன் போட்டேன். "நவுஷாத் பாய், பொண்ணு வேலைய வுடாது. அத கேக்காம நாந்தான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றேன். வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்று அவர் வைத்துவிட்டார். முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிரியாணியைப் பிசைந்துகொண்டிருந்தபோது வேறு நம்பரிலிருந்து போன். அவர் மகன். கோபமாகப் பேசப் போகிறான் என்று எழுந்து வெளியே போனேன். அவன் மெதுவாக, இந்த ஒரு வருஷத்தில் உங்கள் மகளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவளிடம் ஒருமுறை பேச நம்பர் தருவீர்களா என்று கேட்டான். என் நாக்கு நுனிவரை நம்பர் வந்துவிட்டது. அதைக் கொடுக்கிற உரிமை எனக்கில்லை தம்பி, அவளைக் கேட்டுச் சொல்றேன் என்றேன். ஆகவே கேட்கிறேன். கொடுக்கலாமா, வேண்டாமா? யோசித்துச் சொல், அவசரமில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கமாட்டேன், உன் அம்மாவையும் கேட்கவிடமாட்டேன்.

வாசலில் அவர்கள் குரல் கேட்கிறது. இனி சுருக்கமாக எழுதுகிறேன். இவனிடம் கல்வராயன் மலைத் தேன் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறாள் உன் அம்மா, கரியாலூரிலிருந்து வந்தது, மூடியை இறுக்கிக் கட்டியிருக்கிறோம், பையில் சிந்தியிருந்தால் அவனைத் திட்டாதே. இவன் சைஸுக்கு என் கடையில் செருப்பு இல்லை, நாற்பத்தாறு வேண்டுமாம், அந்தக் குறை எனக்கு இருக்கிறது. இவன் புதுக் கிளப்பும் உங்கள் கிளப்பும் மோதினால் நாங்கள் யாருக்குத் துஆ செய்வது என்று உன் அம்மா கேட்கிறாள். அப்புறம், பக்கத்து நாட்டுக் கொசோவோக்காரர் அதே அல்பேனியப் பாஷை பேசினாலும் அங்கே கிளப்புகளில் வெளிநாட்டு ஆட்டக்காரர் கணக்கில் வருவார்களா? இவனைக் கேட்டேன், தெரியவில்லை என்கிறான், நீ விசாரித்துச் சொல். அவன் உன்னிடம் பேசும்போது குறுக்கே பேசிவிடாதே, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தானாம். அடுத்த வருஷத்துக்கான ஒப்பந்தக் காகிதம் முப்பதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று முன்பு ஒரு தரம் சொன்னாய், மறந்துவிடாதே. ஆடுகிறவர்களை எல்லாம் அல்லாஹ் நோய் நொடியில்லாமல் வைக்கட்டும், அவர்களைப் பார்க்கிற உன் கைக்குப் பலம் கொடுக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அத்தா
அ. மஜீத்
(அம்மா ரசூல் பீவி பக்கத்தில் இருந்து சலாம் சொல்லச் சொன்னாள், தனக்குச் சர்க்கரை ஜாஸ்தி இல்லை என்பதை அடிக்கோடிடச் சொன்னாள்.)