யூட்டுக்கு முதல் பல்லு விழுந்திட்டுது

கோவம் வந்தால் மூக்கு நுனி மட்டும் சிவக்கிற என்ர ஜெசிந்தாவுக்கு,

வாற மாசத்தோட நீர் போய் ஐஞ்சு வருசம். பேப்பரில நினைவஞ்சலியா உம்மட படமும் ஒரு பாட்டும் போடுவம் எண்டு என்ர அக்கா சொன்னா. பாட்டைப் பேப்பர்க்காரரே எழுதித் தருவினமாம். வேற ஆருக்கோ வந்த பாட்டை வாசிச்சுக் காட்டினா. குடும்பத்தின் விளக்காம், பாசக் கடலாம். உம்மைக் கடலெண்டு சொன்னால் கடலே கோவிச்சுக்கொள்ளும் எண்டு நான் சொன்னன். அனலைதீவில பிறந்துபோட்டு, வள்ளத்தில கால் வைச்ச உடனே சத்தியெடுக்கிற ஆளெல்லோ நீர். ஊர்காவற்றுறைக் கரை வருமட்டும் ஒரு பச்சைத் தேசிக்காயை மூக்கில வைச்சு மணந்தபடி கண்ணை மூடிக்கொண்டு இருப்பீர்.

அதனால பாட்டு வேண்டாம், நானே எழுதுறன், இதையே போடட்டும் எண்டிட்டன். நான் படிச்சது ஐஞ்சாம் வகுப்பு மட்டும் எண்டு உமக்குத் தெரியும். எங்கட டிலானியும் இப்ப ஐஞ்சாம் வகுப்பு. இந்த வருசம் நானும் அவளும் சரிக்குச் சரி. வாற வருசம் என்னைத் தாண்டிப் போடுவாள். அதுக்குள்ள எழுதி முடிக்க வேணும்.

முதலாவது புதினம், யூட்டுக்கு முதல் பல்லு விழுந்திட்டுது. கீழ்ப்பக்கம், நடுவில. நீர் முதன்முதல் கண்டுபோட்டுக் குசினிக்குள்ள இருந்து ஊரைக் கூட்டினீரே, அதே பல்லு.

அந்தக் கதைக்கு வர முதல், நான் பட்ட பாட்டைக் கேளும். எனக்கு நீர் வைச்ச பேர் ஞாபகம் இருக்கோ? புளுகர். நாலு நண்டு பட்டால் நாற்பது எண்டு சொல்லுற ஆளெண்டு, கலியாணம் முடிஞ்ச மற்றக் கிழமையே வைச்ச பேர். அந்தப் புளுகு இந்த முறை என்ர பிள்ளையிலயே கொண்டுபோய் விட்டிட்டுது.

நீர் பின்னேரத்தில பெரிய சட்டியில சோறு குழைச்சு, பிள்ளையைப் பக்கத்தில இருத்தி, கையில உருண்டை உருண்டையாக் குடுப்பீர். டிலானிக்கு ஒண்டு, எனக்கொண்டு, உமக்கொண்டு. நீர் போன பிறகு அந்தச் சட்டியை நான்தான் எடுத்தன். குழைக்கவும் பழகினன். ஆனா டிலானி வாய் திறக்கமாட்டாள். சின்னவன் அவளைப் பார்த்து அவனும் திறக்கமாட்டான். என்ன செய்யிறது? ஒரு உருண்டைக்கு ஒரு அம்மா கதை எண்டு தொடங்கினன். கதையைக் கேட்க வாய் திறபடும். திறந்த உடனே உருண்டை உள்ள போகும்.

மெய்க்கதையள் ஒரு மாசத்தில முடிஞ்சுபோச்சு ஜெசிந்தா. பன்னிரண்டு வருசம் ஒண்டா இருந்தனாங்கள், குழந்தையளுக்குச் சொல்லக்கூடியது அவ்வளவுதான் இருந்தது. அதுக்குப் பிறகு நான் புளுகத் தொடங்கினன். அம்மா அகப்பையால ஒரு திருக்கை மீனை அடிச்சு மயக்கின கதை. அம்மா அனலைதீவில நிண்டு என்னைக் கூப்பிட, இஞ்ச ஊர்காவற்றுறைப் பாலத்தடியில நிண்ட வள்ளமெல்லாம் எஞ்சினை நிப்பாட்டின கதை. அந்தக் குரல் கதையில பாதி மெய், கோவியாதையும்.

பிள்ளையள் சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிட்டுதுகள். வளர்ந்துதுகள். நான் கெட்டிக்காரன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன்.

மூண்டு கிழமைக்கு முதல் ஒருநாள், மூண்டாவது உருண்டையில, யூட் சொன்னான், "அம்மா என்னை மண்கும்பான் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போய், தோளில வைச்சுக்கொண்டு தண்ணிக்குள்ள நடந்தவ. எனக்கு நல்ல ஞாபகம்."

டிலானி நிமிர்ந்தாள். "பொய். அது நான். நீ அப்ப பிறக்கவே இல்லை."

"என்னையும் தூக்கினவ!"

"இல்லை. அண்டைக்கு அம்மா மஞ்சள் சட்டை. என்ர ஒரு செருப்பு தண்ணியோட போனது. உனக்கு என்ன தெரியும்?"

அவன்ர சொண்டு நடுங்கத் தொடங்கீட்டுது. என்னைப் பார்த்தான். "அப்பா, என்னையும் தூக்கினவதானே?"

நீர் எண்டால் என்ன சொல்லியிருப்பீர்? நான் சொன்னது, "ஓமடா ராசா, உன்னையும்தான். அண்டைக்கு நீ அம்மான்ர தலைமயிரைப் பிடிச்சு இழுத்த இழுவையில, கடலில நிண்ட மீனெல்லாம் பயந்து ஓடினது."

அவன் சிரிச்சான். டிலானி கையில இருந்த உருண்டையைச் சட்டியில திருப்பி வைச்சுப்போட்டு எழும்பிப் போனாள்.

நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை. பெட்டைக்குக் கோவம், மூக்கைப் பார், தாய்தான், எண்டு பகிடி பண்ணிக்கொண்டு இருந்தன். மற்றநாள் விடிய கடலால வந்து வலையில நண்டு கழட்டிக்கொண்டு இருக்கேக்க, பள்ளிக்கூடச் சட்டையோட வந்து எனக்கு முன்னால நிண்டாள்.

"அப்பா, அம்மா உண்மையா அகப்பையால திருக்கையை அடிச்சவவோ?"

"அடிச்சவ! திருக்கை மூண்டு தரம் சுத்தி…"

"அம்மாக்கு உயிர்நண்டெண்டாலே பயமாம். கதிரையில ஏறி நிப்பாவாம். மாமி சொன்னவ."

அக்காவுக்கு வாய் சும்மா இராதே. நான் தலையைக் குனிஞ்சு நண்டைப் பார்த்தன். அது மெய்தானே. எத்தினை தரம் நண்டொண்டைக் குசினிக்குள்ள விட்டுப்போட்டு, நீர் கதிரையில நிண்டு என்னைப் பேசுறதை ரசிச்சனான்!

"அப்ப அது பொய். தோளில தம்பியை வைச்சதும் பொய். வேற எது பொய்?" அவள் அழேல்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பன். "அப்பா, எனக்கு அம்மாவைப் பற்றி நிறைய ஞாபகம் இருக்கு. அதில எது நான் கண்டது, எது நீங்கள் சொன்னது எண்டு எனக்கு இப்ப தெரியேல்லை."

பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிட்டாள்.

நண்டு ஒண்டு என்ர பெருவிரலைக் கடிச்சுக்கொண்டு இருந்தது. அது கூட எனக்குப் பிறகுதான் தெரிஞ்சது.

ஜெசிந்தா, அந்தப் பிள்ளையிட்ட உம்மில மிஞ்சினது ஐஞ்சு வயது மட்டும் அவள் கண்டது மட்டும்தான். அதுக்குள்ள நான் போய்த் தண்ணி கலந்துபோட்டன். யோசிச்சுப் பாரும். கடல்ல எத்தினை பிழை விட்டிருப்பன், வலையை அறுத்திருப்பன், எஞ்சினை எரிச்சிருப்பன். இப்பிடி ஒரு பிழை விட்டதில்லை.

அண்டையில இருந்து கதையை நிப்பாட்டினன். சட்டியையும் எடுக்கேல்லை. சோத்துக் கோப்பையில போட்டுத் தனித்தனியாச் சாப்பிட்டம். யூட் கரண்டியால கிண்டிக்கொண்டு இருப்பான். அக்கா எட்டிப் பார்த்துப்போட்டு, "என்ன தம்பி, இது வீடோ, தவக்காலமோ?" எண்டு கேட்டா. "உன்ர வாயால வந்த தவக்காலம்தான்" எண்டன். கொஞ்ச நாள் அவவும் கதைக்கேல்லை.

பிறகுதான் அந்தப் பல்லு.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிஞ்சு வந்து மத்தியானம் நண்டுக்குழம்பு. யூட் நண்டுக்காலைக் கடிக்கிறான், ஒரு சத்தம். நான் நண்டுக்கால் உடைஞ்சதெண்டு நினைச்சன். அவன் வாய்க்குள்ள விரலை விட்டு ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, "அப்பா, நண்டுக்குப் பல்லிருக்கு!" எண்டான். டிலானி அவன்ர வாயைப் பார்த்தாள். பத்து நாளைக்குப் பிறகு முதல்தரம் பெலத்துச் சிரிச்சாள். "விசரா, அது உன்ர!" ரத்தத்தைக் கண்ட உடனே அவன் வைச்ச கூப்பாட்டுக்கு அக்கா வேலிக்கு மேலால ஓடி வந்தா. மேலால இல்லை. படலையாலதான். பார்த்தீரோ, நாக்கு இன்னும் பழகேல்லை.

வாயைக் கொப்புளிச்சு, அழுகை அடங்கி, பல்லை உள்ளங்கையில வைச்சுக்கொண்டு அவன் கேட்டான். "அப்பா, இந்தப் பல்லு முளைக்கேக்க அம்மா இருந்தவவோ?"

"இருந்தவ."

"அண்டைக்குக் கொழுக்கட்டை கொட்டேக்க நான் உங்கட ஊசியைத்தானே எடுத்தனான்?"

அந்தக் கதை உமக்குத் தெரியாது, நீர் போன பிறகு நான் உண்டாக்கினது. முதல் பல்லு முளைச்சதுக்குச் செய்த பல்லுக்கொழுக்கட்டை அண்டைக்கு, பிள்ளை என்ன வேலைக்கு வருவான் எண்டு பார்க்க முன்னால பரப்பி வைச்ச சாமான்களில, அவன் என்ர வலை பின்னுற ஊசியைப் பாய்ஞ்சு எடுத்தவன், பிறவியிலேயே கடற்காரன் எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். "ஓம்" எண்டு சொல்ல வாய் திறந்திட்டன். டிலானி என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"இல்லையடா" எண்டன். "நான் சொன்னது புளுகு. நடந்ததைச் சொல்லுறன், கேள்."

சொன்னன் ஜெசிந்தா. அறைக்குள்ள வெள்ளைச் சீலை விரிச்சது, அவனை நடுவில இருத்தி அக்கா அவன்ர தலையில கொழுக்கட்டை கொட்டினது, கொழுக்கட்டையில பல்லாக் குத்தின தேங்காய்ச் சொட்டெல்லாம் உருண்டு ஓடினது. கொப்பி, பேனை, செபமாலை, உம்மட சங்கிலி, கத்தரிக்கோல், என்ர ஊசி. நான் ஒருத்தருக்கும் தெரியாமல் ஊசியை அவனுக்குக் கிட்டத் தள்ளினது, நீர் காலால பேனையைத் தள்ளினது, ரெண்டு பேரும் பிடிபட்டது. அவன் எல்லாத்துக்கும் மேலால தவண்டு போய், அங்கால நிண்ட உம்மட கால் பெருவிரலை ரெண்டு கையாலயும் பிடிச்சு, அந்த ஒரே பல்லால கடிச்சது.

"இது கணக்கில்லை எண்டு உன்னைத் தூக்கித் திருப்பி இருத்தினம். நீ திரும்பவும் போய்க் கடிச்சாய். ரெண்டு தரமும் விரல்தான்."

"ரெண்டில்லை" எண்டு டிலானி சொன்னாள். "மூண்டு தரம்."

நான் திரும்பிப் பார்த்தன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மான்ர கால் நகத்தில சிவப்புக் கியூட்டெக்ஸ். அண்டைக்கு விடிய நான்தான் பூசிவிட்டனான். விரலெல்லாம் அப்பினது. அம்மா துடைக்கேல்லை, அப்பிடியே நிண்டவ." பிறகு என்ர பக்கம் திரும்பினாள். "நீங்கள் ஊசி, ஊசி எண்டு சொல்லச் சொல்ல, நான் கனவு கண்டனான் எண்டு நினைச்சன். இதை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை. இது நான் கண்டது."

எனக்கு அந்தச் சிவப்பு ஞாபகம் இல்லை. சத்தியமா இல்லை. அவளிட்டத்தான் இருந்தது.

கடிச்ச கதையை, அதிலயும் அந்த மூண்டாந்தரத்தை, ஏன் மறைச்சனான் எண்டு நீர் கேட்பீர். மூண்டாந்தரம் அவன் கடிக்கேக்க நீர் சொன்னது ஞாபகம் இருக்கோ? "பேனையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். இவனுக்கு நான் போதும்." அண்டையில இருந்து ஏழு மாசத்தில காய்ச்சல் வந்து உம்மைக் கொண்டு போயிட்டுது. அந்தச் சொல்லை என்ர வாயால சொல்ல எனக்கு ஏலாமல் இருந்தது. அதனாலதான் ஊசி. ஞாயிற்றுக்கிழமை அதையும் பிள்ளையளுக்குச் சொன்னன். சொல்லி முடியுமட்டும் குரல் நிண்டு பிடிச்சது. பிறகு நிக்கேல்லை. அக்கா குசினிக்குள்ள போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு நிண்டா.

யூட் நாக்கால ஓட்டையைத் தடவிக்கொண்டு யோசிச்சான். "அப்ப கடலுக்கு என்னைத் தோளில கொண்டு போகேல்லையோ?"

"இல்லையடா. நீ நல்லா வளரட்டும் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தவ."

நான் அழுகையை எதிர்பார்த்தன். அவன் தமக்கையிட்டத் திரும்பினான். "நான் கடிக்கேக்க அம்மாக்கு நொந்ததோ?"

"நொந்ததுதான்" எண்டாள் டிலானி. "ஐயோ எண்டு கத்தினவ. ஆனா காலை இழுக்கேல்லை."

அவன்ர முகத்தை நீர் பார்த்திருக்க வேணும். கடலுக்குப் போன கதை வேண்டாம் எண்டிட்டான். இப்ப பள்ளிக்கூடம் முழுக்க இதுதான் கதை. ஓட்டைப் பல்லைக் காட்டிக் காட்டிச் சொல்லுறானாம்.

பின்னேரம் அணில் எடுக்கட்டும் எண்டு பல்லை ஓட்டுக்கு மேல எறிஞ்சம். அவன் எறிஞ்சது மூண்டு தரமும் திரும்பி வந்து விழுந்தது. கடைசியா டிலானி எறிஞ்சாள், நிண்டுது. பிறகு அவளே சட்டியை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து எனக்கு முன்னால வைச்சாள். நான் குழைச்சன். உப்புக் கூடிப்போச்சு.

இப்ப கதையில பாதியை அவள்தான் சொல்லுறாள். எனக்குத் தெரியாத உம்மை நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன். நீர் வள்ளத்துக்குப் போகேக்க தேசிக்காயை அவளின்ர சட்டைப் பைக்குள்ள ஒளிச்சு வைப்பீராம். எனக்கு ஏன் சொல்லேல்லை?

வாற ஞாயிறு ரெண்டு பேரையும் மண்கும்பானுக்குக் கொண்டு போறன். செருப்புப் போன இடத்தை டிலானி காட்டுவாளாம். யூட் என்ர தோளில. அது அவனுக்கு என்னோட உள்ள கதையா இருக்கட்டும், உம்மட பேரில எழுதமாட்டன்.

ஒரு வாக்குத் தாறன் ஜெசிந்தா. உம்மைப் பற்றி இனிப் புளுகமாட்டன். தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுவன், மகளிட்டக் கேட்பன். நண்டுக் கணக்கில மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவன். அதுக்கும் நீர் விடமாட்டீர் எண்டால் நான் என்னத்தைச் சொல்லிச் சீவிக்கிறது?

மூண்டு தரமும் கடிபட்டும் காலை இழுக்காத உமக்கு,
உம்மட புளுகர்,
டிலானிக்கும் யூட்டுக்கும் அப்பா.