பார்வையிடப்படாத சுவர்

லீட்ஸ், மார்ச் 9

முப்பதாண்டு நண்பனுக்கு,

நீ எங்களுக்கு விற்கவிருந்த வீட்டின் ஆய்வறிக்கை வந்தது. ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக வீடு வாங்குபவன் நான். அதில் 'கூரை' என்ற வரிக்கு நேரே இருந்த சிவப்புக் குறியைக் கண்டு அஞ்சி, ஆய்வு செய்த பெண்மணியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"செவப்பு கெடக்கட்டும் கண்ணு, ஓடு மாத்துனா சரியாப் போயிடும். 'பார்வையிடவில்லை'ன்னு எழுதியிருக்கேன்ல, அதப் படிங்க. பின்னறைச் சுவத்த ஒரு அலமாரி மறைக்குது. கனமான சாமான நாங்க நகத்தக் கூடாது" என்றார்.

ஆய்வுக்கு முந்தைய சனிக்கிழமை அந்த அலமாரியை உன்னோடு மாடிப் பின்னறைக்குத் தூக்கியவன் நான். "நல்லாப் புடிடா வாத்தி, இது புஸ்தகம் இல்ல!" என்றாய். சுவரில் புது வண்ணத்தின் வாசம் இருந்தது. நானும் சிரித்தேன்.

நேற்று நீ இல்லாதபோது, நீ தந்திருந்த சாவியால் திறந்து வந்து அலமாரியை ஒரு முழம் நகர்த்தினேன். வண்ணத்தையும் மீறிக் கரும்பூஞ்சை இடுப்புயரம் ஏறியிருக்கிறது.

அந்த அறையை என் மனைவி ஹிலரியின் படுக்கையறையாக்கச் சொன்னவன் நீ. மூச்சிரைப்பு முற்றிய அன்று அவளை மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோனவனும் நீயே.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட நான்கு நாள் இருந்தது; விலகிவிட்டேன். வங்கி கடன் மறுத்ததாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். உன்னை இன்னும் நல்லவன் என்றே நம்புகிறாள். எங்கள் வாசலுக்கு வந்து அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதே.

உன் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன்