அளப்பதற்கு ஆகும் நேரம்

ஜூன் 4, புதன்

இந்த நோட்டில் இனி எழுதவேண்டியவை:

1. எங்கள் புதன்கிழமை கோல்ஃப் ஆட்டம் நான்கு மணி நேரத்தில் முடியாமல் ஏன் இழுக்கிறது.
2. தூரமானிகள்தான் அதற்குக் காரணம் என்பதற்குச் சான்று.
3. ஒரு ஆட்டத்துக்கு அவை தின்னும் நேரம், நிமிடக் கணக்கில்.
4. இதை மச்சானுக்கும் பல் டாக்டருக்கும் மனவருத்தம் வராமல் சொல்வது எப்படி.

நான்காவதுக்கு இப்போதைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இன்று பதினெட்டுக் குழிகளுக்கு நான்கு மணி நாற்பத்தாறு நிமிடம். ஆடியது மூன்றே பேர்: நான், என் மனைவியின் அண்ணனான மச்சான், பல் டாக்டர். பின்னால் வந்த நால்வர் ஒவ்வொரு குழியிலும் இடுப்பில் கைவைத்து நின்றதை நான் பார்க்காதது போல இருந்தேன். முடிந்ததும் கிளப் செயலாளர் வாசலிலேயே மறித்துவிட்டார்.

"நாலு மணி நேரத்துக்குள்ள முடிக்கலைன்னா காலை முதல் ஆட்டத்தை உங்ககிட்டேருந்து எடுத்துடுவாங்க. மத்தியானம்தான் கிடைக்கும்."

மத்தியான வெயிலில் எழுபது தாண்டிய மூன்று பேர்! ஆட்டத்தையே விட்டுவிடச் சொல்வதற்கு அது ஒரு மரியாதையான வழி.

பிறகு என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, நீங்க நில அளவைத் துறையில முப்பத்தாறு வருஷம் இருந்தவர். இந்தத் தூரமானியால நேரம் மிச்சமாகுதா, வீணாகுதான்னு ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க. தடை பண்ணலாமான்னு கமிட்டி யோசிக்குது."

சரி என்றேன். யாரிடம் நான் முடியாது என்று சொல்லியிருக்கிறேன்?

என் மனதில் விடை முன்பே இருந்தது. பல் டாக்டர் தன் கருவியைக் கண்ணில் வைத்துக் குழியில் நட்டிருக்கும் கொடியைக் குறிபார்த்துப் பொத்தானை அமுக்குவார், எத்தனை கஜம் என்று எண் தெரியும். மச்சானுடையது தீப்பெட்டி அளவு, தொப்பியில் மாட்டியிருக்கும். தொட்டால் ஒரு பெண்குரல் இத்தனை கஜம் என்று சொல்லும். என்னிடம் எதுவும் கிடையாது. கொடிக்கு இன்னும் நூற்றைம்பது கஜம் என்று காட்டும் வெள்ளைக் கம்பம் ஒவ்வொரு குழிக்கும் இருக்கிறது; எனக்குக் கால்கள் இருக்கின்றன. என் எட்டு ஒன்று இரண்டரை அடி. இத்தனை வருடத்தில் மாறவில்லை.

ஜூன் 11, புதன்

நிறுத்துக்கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் வைத்து அமுக்கி அமுக்கி எடுத்தேன். நண்பர்களை வேவு பார்ப்பது போலத்தான் இருந்தது. அறிவியல் நோக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது குழியில்:

"நூத்தி நாப்பத்தேழு. இருங்க — கொடியைப் பார்த்தேனா, பின்னால இருக்கற மரத்தைப் பார்த்தேனா?" இது டாக்டர். மறுபடி பார்த்தார். மறுபடி.

மச்சான் மட்டையில் சாய்ந்துகொண்டார். "டாக்டர், பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் மூணு தடவை எட்டிப் பாப்பீங்களா?"

"ஒரே ஒரு தடவை பாக்காம பிடுங்கினேன். அதுக்கப்புறம்தான் இந்தப் பழக்கம்."

பந்து நூறு கஜம் போய் மணலில் உட்கார்ந்தது.

டாக்டர்: நாற்பது அளவைகள், பதினாறு நிமிடம் நாற்பது விநாடி. மச்சான்: முப்பத்தெட்டு அளவைகள், மூன்று நிமிடம் பத்து விநாடி. மொத்தம் பத்தொன்பது நிமிடம் ஐம்பது விநாடி. மச்சானுடையது குறைவுதான். ஆனால் ஒருவருக்கு அனுமதித்து ஒருவருக்கு மறுக்க முடியுமா? இரண்டையும் விலக்குவதுதான் நியாயம்.

நியாயமா?

ஜூன் 14, சனி

குறிப்பைச் செயலாளரிடம் கொடுத்தேன். மூன்று பக்கம், ஓர் அட்டவணை. நான்காவது விஷயத்துக்கு வழி கண்டுபிடித்தேன்: அவர்களிடம் சொல்லவே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

என் மனைவி குறிப்பின் நகலை மேசையில் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தாள். அவள் எதையும் முழுவதும் படித்தால் எனக்குப் பயம்.

"என்னங்க, மூணு பேர்தானே விளையாடறீங்க? இதுல ரெண்டு பேர்தான் இருக்காங்க."

"என்கிட்ட கருவி இல்லையே. நான் எதை அளக்கறேன்?"

"அப்ப அந்த நடை?"

"எந்த நடை?"

"வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே போய்ட்டு வருவீங்களே. இந்த வீட்டைப் பாக்க வந்தப்ப நீங்க ஹால்ல குறுக்கும் நெடுக்கும் நடந்து எண்ணி முடிக்கறதுக்குள்ள வீட்டுக்காரர் பொறுக்க முடியாம வாடகையைக் குறைச்சார்."

அது அளப்பது அல்ல, நடப்பது என்றேன். அவள் காய் நறுக்கப் போய்விட்டாள்.

ஜூன் 18, புதன்

என்னையே அளந்தேன். கம்பத்துக்குப் போய், அங்கிருந்து எண்ணிக்கொண்டு பந்துக்குத் திரும்புவது வரை. முப்பத்தொரு தடவை. சராசரி நாற்பத்தெட்டு விநாடி. ஆக, இருபத்து நான்கு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி.

மூன்று முறை பெருக்கிப் பார்த்துவிட்டேன். விடை மாறவில்லை. அவர்கள் இருவரையும் சேர்த்தால்கூட என்னைவிட ஐந்து நிமிடம் குறைவு. இவ்வளவு காலம் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன்? என் கால்கள் எனக்குக் கருவியாகவே படவில்லை.

ஆனால் இன்றைக்கு எழுதவேண்டியது அது மட்டுமல்ல.

பதினோராவது குழியில் மச்சானின் தீப்பெட்டி வாயடைத்துவிட்டது, சார்ஜ் இல்லை. டாக்டர் புதருக்குள் பந்து தேடிக்கொண்டிருந்தார். மச்சான் அசையாமல் நின்றார்.

"மாப்ளே, கொடி எந்தப் பக்கம்?"

வேடிக்கை என்றுதான் நினைத்தேன். கொடி நேர் எதிரே, நூற்றிருபது கஜத்தில், சிவப்பாக ஆடிக்கொண்டிருந்தது.

"தெரியலையா, மச்சான்?"

"நடுவுல ஒரு கரும்புள்ளி. ஓரம்தான் தெரியுது. அஞ்சு மாசமாச்சு. தலையைச் சாய்ச்சா காலடியில பந்து தெரிஞ்சுடும். திசைக்கு நீங்க ரெண்டு பேரும் எந்தப் பக்கம் அடிக்கறீங்கன்னு பார்த்துக்குவேன். தூரத்துக்கு இந்த அம்மா." தொப்பியைத் தட்டினார். "இவ இல்லாட்டி வீட்டுல உக்காந்து சுவரைப் பாக்க வேண்டியதுதான். அதுவும் ஓரமாத்தான் பாக்கணும்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லாதீங்க. என் தங்கச்சி ஊரைக் கூட்டிடுவா."

அவர் தலையைச் சாய்த்து நிற்பதை ஒரு பாணி என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கண்ணாடி முன் செய்துகூடப் பார்த்தேன்.

ஜூன் 20, வெள்ளி

குறிப்பைத் திரும்ப வாங்கப் போனேன்.

"ஏழு காப்பி போட்டு எல்லாருக்கும் குடுத்தாச்சுங்க," என்றார் செயலாளர். "என்ன தெளிவு! தலைவரே சொன்னார், இதைப் படிச்சப்புறம் விவாதமே வேண்டாம்னு."

நன்றி என்றேன். நன்றி! என்ன மனுஷன்யா நான்?

ஜூன் 23, திங்கள்

நாளை கூட்டம். பேசவேண்டியதை எழுதினேன். கிழித்தேன். எழுதினேன்.

ஜூன் 24, செவ்வாய்

நீண்ட மேசை, ஏழு பேர், தண்ணீர்க் குவளைகள். தலைவர் என் அட்டவணையை விரலால் தட்டி, "தடை பண்ணிடலாம், எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார்.

எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் சாய்ந்து பெரிய சத்தம் போட்டது. எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டேன்.

"அட்டவணையில ஒரு வரிசை விட்டுப்போச்சுங்க."

"எந்த வரிசை?"

"என்னோடது. கருவி இல்லாத ஆளோடது. இருபத்து நாலு நிமிஷம் நாப்பத்தெட்டு விநாடி. எங்க ஆட்டத்தைத் தாமதப்படுத்தறது நான்தான்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மச்சானின் கண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது என்னுடைய விஷயம் அல்ல. பதிலாக என் அவமானத்தையே விநாடி விநாடியாக விவரித்தேன். பிறகு, நடந்துகொண்டே கேட்டுக்கொள்ளும் கருவி ஐந்து விநாடிக்கு மேல் தின்பதில்லை, தன் முறை வந்த பிறகு பையைத் திறந்து எடுக்கும் கருவிதான் தின்கிறது என்றேன். எதால் அளக்கிறோம் என்பதைவிட எப்போது அளக்கிறோம் என்பதுதான் கேள்வி என்றேன். இவ்வளவு நீளமாக நான் ஒரு சபையில் பேசியது இதுதான் முதல் தடவை.

முடிவு: தூரமானிக்குத் தடை இல்லை. தன் முறை வருமுன் அளந்துகொள்ள வேண்டும். கம்பத்திலிருந்து காலால் அளப்பது கூடாது. காலை ஆட்டம் எங்களுக்கு இன்னும் இரண்டு வாரம். அதற்குள் நான்கு மணி நேரத்துக்கு வந்தாக வேண்டும்.

கிளப் வரலாற்றில் நடப்பதற்குத் தடை வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வீட்டுக்கு வரும்போது ஏனோ மனம் லேசாக இருந்தது.

ஜூன் 25, புதன்

நான்கு மணி ஒன்பது நிமிடம். போதாது.

ஆட்டத்துக்கு முன்பே மச்சானிடம் அந்தக் குறிப்பை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாய் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

"தெரியுமே, மாப்ளே. நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்க. எழுத்து தெரியல, ஆனா கட்டம் அவ்வளவு நேரா இருந்துது. இந்த கிளப்புல வேற யாரு அடிமட்டம் வச்சுக் கோபப்படுவா?"

"கோபமெல்லாம் இல்ல, மச்சான்..."

"அப்ப சரி, அடிங்க. பின்னால ஆள் நிக்குது."

டாக்டர் என்னோடு ஒரு குழி முழுக்கப் பேசவில்லை. அடுத்த குழியில் தானாகவே கருவியை நடக்கும்போதே எடுத்துக் கண்ணில் வைத்தார், கால் இடறியது. "இதுல ஏதாவது ஒடிஞ்சா உங்க அட்டவணைதான் பொறுப்பு" என்றார். சமாதானம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 2, புதன்

மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடம். செயலாளர் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். புதன்கிழமை காலை எங்களுடையதே.

நானும் மச்சானும் இப்போது ஒரே பக்கமாக நடக்கிறோம். தொப்பிக்காரி எங்கள் இருவருக்குமாகத் தூரம் சொல்கிறாள். மச்சானிடம், "கொடி கொஞ்சம் இடப்பக்கம், பின்னால மேடு" என்று சொல்வது என் வேலை. பதினாறாவது குழியில் அவர் அடித்த பந்து கொடியிலிருந்து ஆறடியில் நின்றது. அவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். "சும்மா சொல்லாதீங்க" என்றார். டாக்டரும் சொன்ன பிறகுதான் நம்பினார். அப்புறம் கொடியைச் சுற்றிய பச்சைப் புல்தரைக்குப் போகும்வரை வாய் ஓயவில்லை.

அந்த ஆறடியை எட்டு வைத்துப் பார்க்க எனக்குக் கால் துறுதுறுத்தது. வைக்கவில்லை.

எங்கள் துறையில் களப்புத்தகத்தில் எதையும் அழிக்கக் கூடாது. தவறான எண்ணின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, கீழே கையெழுத்து. இந்த நோட்டின் முதல் பக்கத்துக்குப் போய் இரண்டாவது வரியின் மேல் கோடு போட்டேன். ஆட்டம் இழுத்ததற்குத் தூரமானிகள் காரணம் அல்ல. அந்த விஷயத்தில் நான் சொன்னது தவறு.

கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன்.