அம்மாவுக்குச் சட்டமன்றம், எனக்கு வானிலை

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நான் இங்கே நலம். அம்மாவும் நலம் என்று தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமா, உன் முதுகு வலி எப்படி இருக்கிறது, ஆபீஸ் நாற்காலியை மாற்றச் சொன்னேனே மாற்றினாயா? அம்மா சட்டமன்றத்தில் பேசியதை உன் ஆபீசில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாயாம், அவளே சொன்னாள், சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை. நானும் இத்தனை வருஷமாகப் பத்திரிகையில் எழுதிக் குவித்திருக்கிறேன், ஒன்றையாவது யாருக்காவது காட்டியிருப்பாயா? ஃபோன் செய்தாலும் முதலில் அவளுக்குத்தான், அவளோடு பேசித் தீர்த்தபிறகு மிச்சம் மீதி எனக்கு. சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா, சரி வெச்சிடறேன், அவ்வளவுதான். பொறாமையா என்று கேட்டால் ஆமாம், வயிறு எரிகிறது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீயே யோசித்துப் பார். ஒரே பத்திரிகையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தவர்கள் நாங்கள். அவளுக்கு நகராட்சிச் செய்தி, எனக்கு அரசியல், நேரம் கிடைத்தால் நகராட்சியும் கொஞ்சம். குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று எழுதி எழுதிப் பார்த்துவிட்டு, எழுதினா எவன் கேக்கறான், நானே போய் உள்ள உக்காந்துக்கறேன் என்று வேலையை விட்டாள், கவுன்சிலருக்கு நின்றாள், ஜெயித்தும் விட்டாள். மறுநாளே ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, மனைவி அங்கே இருக்கும்போது நகராட்சி பற்றி நீங்கள் எழுதினால் நன்றாக இருக்காது என்றார். போகட்டும், அரசியல் இருக்கிறதே என்று இருந்தேன். அவள் சட்டமன்றத்துக்குப் போனாள், ஆசிரியர் அரசியலையும் பிடுங்கிக்கொண்டார். இப்போது எனக்கு வானிலை. மழை எந்தக் கட்சியிலயும் இல்ல பாருங்க, உங்களுக்கு வம்பே வராது என்று அவர் சொன்னதற்கு ஆபீசே சிரித்தது. அவள் ஒரு படி ஏறினால் எனக்கு ஒரு பக்கம் போகிறது. பழக்கடைக்காரர்கூட என்னை எம்.எல்.ஏ. வீட்டுக்காரர் என்கிறார், நல்ல பழமாகப் பொறுக்கித் தருகிறார். தின்ன மனமில்லை, ஆனாலும் தின்றுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு மந்திரி பதவி நிச்சயம் என்று ஊரே சொன்னது. நேற்றுதான் பட்டியல் வரும் நாள். காலையிலிருந்து நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா, கிடைக்கக் கூடாது என்றுதான். வெள்ளம் புயலைக் கவனிக்கும் துறையை அவளுக்குத் தருவார்கள் என்று பேச்சு, தந்தால் என் மழையும் போய்விடுமே. மத்தியானம் ஆபீஸ் டிவியில் பெயர்களை வாசித்தார்கள், அம்மா பெயர் இல்லை. அந்தத் துறை, நம் நிருபர்கள் ஆமாஞ்சாமி என்று பட்டப்பெயர் வைத்த ஆளுக்குப் போயிற்று. பொய் சொல்ல மாட்டேன், உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வீட்டுக்கு வந்தேன். பதவியேற்புக்கென்று எடுத்து வைத்த புதுத் துணியை அம்மா திரும்ப அலமாரியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து, உங்க மழை தப்பிச்சுது போங்க என்றாள். எல்லாம் தெரிந்திருக்கிறது அவளுக்கு. பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள், வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் வீணாவதை ஒரு நாளும் பொறுக்காதவள். என் குளுகுளு போன இடம் தெரியவில்லை. அந்த ஆமாஞ்சாமி மழை பெய்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிற ஆள், அவன் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அவளைப் பார்த்து வயிறெரிய எனக்கு உரிமை இருக்கிறது, அவள் இடத்தைப் பறிக்க அவன் யார்?

அம்மா உன்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், நம்பாதே. உங்கள் ஊரில் குளிர் கூடப் போகிறது, தினமும் பார்க்கிறேன், கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நாற்காலியை மறக்காதே. இந்த முறையும் அம்மாவையே முதலில் கூப்பிடு, அவள் போதும் என்கிறவரை பேசு. மிச்சம்கூட எனக்கு வேண்டாம், நான் மாத்திரை போட்டுக்கொண்டேன்.

வானிலைப் பக்கத்திலிருந்து,
உன் அப்பா