கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
10.06.2024

என் மகள் திவ்யாவுக்கு,

பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். எனக்கும் சுகத்துக்குக் குறைவில்லை, காதுக்குத்தான் குறைவு. நீ போனில் பேசுவதில் பாதிதான் விழுகிறது, மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்கிறேன். அதனால்தான் கடிதம்.

உன் அப்பா போய் நாலு மாதம் ஆகப்போகிறது. வாசலில் ‘எஸ். நயினார், அட்வகேட்’ போர்டு அப்படியே இருக்கிறது. காலையில் கோலம் போட்டதும் துணியால் ஒரு துடை துடைப்பேன். இன்னும் கட்சிக்காரர்கள் வருகிறார்கள். தெரியாமல் வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, ஜூனியர் ஸ்ரீஜித்தின் ஆபீசுக்கு அனுப்புகிறேன். அனுப்பும் முன் ஒரு காப்பி. சண்டையோடு வந்தவன் வயிற்றில் சூடாக ஏதாவது விழுந்தால் பாதி வழக்கு ஆறிப்போகும் என்பாரே உன் அப்பா. பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தம்பியை ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, ஒரே தட்டில் கொறிக்க ஏத்தங்காய் உப்பேரி வைக்கச் சொல்வார். அப்படி எத்தனையோ வழக்கு என் அடுப்படியிலேயே தீர்ந்திருக்கிறது. பீஸ் மட்டும் எனக்கு ஒருவரும் தந்ததில்லை.

வித்துராவிலிருந்து ஒருவர் மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்தார். அவித்தேன், மாவாக வெந்தது. இன்று வெண்டைக்காய் வாங்கினேன், எல்லாம் பிஞ்சு. உன் அப்பா சந்தைக்குப் போனால் முற்றலாகத்தான் வரும். எதிர்க்கட்சி சாட்சியை மடக்கத் தெரிந்தவருக்கு வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்த முற்றலைத் திட்டிக்கொண்டு நறுக்க இப்போது ஆசையாக இருக்கிறது.

வருகிறேன் என்று சொல்லி இரண்டு வாய்தா வாங்கிவிட்டாய். மூன்றாவது கேட்டால் உன் அப்பா தருவார், நான் தரமாட்டேன்.

உன் அம்மா,
ந. வடிவாம்பாள்
(முழுக் கையெழுத்து இல்லாத காகிதம் கடலை பொதியத்தான் ஆகும். இதுவும் அவர் சொன்னதே.)


பெர்த்
02.07.2024

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை வாசிப்பதற்குள் ஸ்ரீஜித் அண்ணன் மெயில் வந்தது.

போன செவ்வாய்க்கிழமை அப்பாவின் சட்டப் புத்தகங்களை எடுக்க அவர் நம் வீட்டுக்கு வந்தாராமே. வித்துராவிலிருந்து பிச்சைக்கனி என்று ஒரு பெரியவர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். அவரிடம் நீ, ‘கோர்ட்டுக்குப் போயிருக்காங்க, வர நேரமாகும்’ என்று சொன்னாயாம். அவர் வாராவாரம் வருகிறாராம், நீ வாராவாரம் அதையே சொல்கிறாயாம்.

அம்மா, அந்த மனிதருக்கு வழக்கு ஏதாவது இருந்து அப்பீல் நாள் கடந்துவிட்டால் என்ன ஆகும்? அதைவிடப் பெரிய பயம், நீ அதை நம்பித்தான் சொல்கிறாயா? போர்டைக் கழற்றிவிடு. வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வா. ஒரு நல்ல டாக்டரிடம் காட்டலாம்.

தம்பானூரில் என்னை ரயிலேற்றிவிட்ட அன்று, ரயில் நகர்ந்த பிறகும் அப்பா கை அசைக்கவில்லை. ‘தண்ணி எடுத்தியா மக்களே’ என்று கேட்டுக்கொண்டே பிளாட்பாரம் முடியும்வரை கூடவே நடந்து வந்தார். எனக்கும் அவர் எங்கோ நடந்துகொண்டிருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இல்லை அம்மா.

உன் மகள்,
திவ்யலட்சுமி


ஆரியசாலை
20.07.2024

மக்களே,

எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. உன் அப்பா நெற்றியில் திருநீறு பூசி அனுப்பியது இந்தக் கைதான். டாக்டரை நீயே வைத்துக்கொள்.

நடந்ததைச் சொல்கிறேன். பிச்சைக்கனி அண்ணாச்சி முதலில் வந்த அன்று நல்ல மழை. அவர் குடையை மடக்கிக்கொண்டே, ‘வக்கீல் சாரு எங்கம்மா?’ என்றார். இருக்கிறாரா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். எங்கே என்று கேட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வாசலில் அந்தக் கேள்விக்கு நான் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன். வாய் அதையே சொல்லிவிட்டது.

சொன்னதைத் திருத்த மனம் வரவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார், நான் குழம்புக்குப் புளி கரைத்தேன். மத்தியானம்வரை இந்த வீட்டில் உன் அப்பா கோர்ட்டுக்குப் போயிருந்தார், சாயங்காலம் வந்துவிடுவார். எனக்கு அது வேண்டியிருந்தது மக்களே. அண்ணாச்சி எழுந்தபோது, அடுத்த செவ்வாய் வாருங்கள் என்று நானேதான் சொன்னேன்.

அப்பீல், நாள் என்று பயப்படாதே. அவருக்கு இப்போது வழக்கே இல்லை, ஸ்ரீஜித்திடம் கேட்டுவிட்டேன். அவருடைய வேலித் தகராறு நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே முடிந்துவிட்டது. பின்னே எதற்கு வருகிறார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போர்டு இருக்கட்டும். அது இருந்தால்தான் மணி அடிக்கிறார்கள். காது போன பிறகும் அந்த மணிச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கிறது.

அம்மா,
ந. வடிவாம்பாள்


பெர்த்
08.08.2024

அம்மா,

டாக்டர் என்று எழுதியது என் தப்பு. கோபத்தைக் கீழே வை.

ஆனால் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடு. ஒரு வயசாளி பஸ் மாறி வந்து, இல்லாத ஆளுக்காகக் காத்திருப்பது பாவம் இல்லையா? அப்பா எந்தக் கட்சிக்காரரையும் வீணாகக் காக்க வைத்ததில்லை. சாப்பிடும்போது மணி அடித்தால் சோற்றுக் கையோடு எழுந்து போவார், நீ திட்டுவாய்.

டிசம்பரில் வரப் பார்க்கிறேன். லீவு இன்னும் உறுதியாகவில்லை.

திவ்யா


ஆரியசாலை
04.09.2024

மக்களே திவ்யா,

சோற்றுக் கையை நீ நினைவுபடுத்தியிருக்க வேண்டாம். அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை.

போன செவ்வாய் காப்பியை வைத்துவிட்டு, ‘அண்ணாச்சி, அவங்க இல்ல. மாசியிலேயே போயிட்டாங்க’ என்றேன்.

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். ‘தெரியும்மா’ என்றார். ‘பேப்பர்ல படம் பாத்தேன். துக்கம் கேக்கத்தான் அன்னைக்கு வந்தேன். உங்க முகத்தப் பாத்ததும் என்ன சொல்லன்னு தெரியாம, சாரு எங்கம்மான்னு கேட்டுட்டேன். நீங்க கோர்ட்டுக்குப் போயிருக்காங்கன்னு சொன்னிய. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?’

‘பின்னே எதுக்கு ஒவ்வொரு வாரமும் வந்திய?’

‘நீங்க வரச் சொன்னியளே. வீட்டுக்காரி போன பொறவு, எனக்கும் அங்க ஒரு வார்த்தை மிண்ட ஆளு இல்ல.’

அடுத்த செவ்வாயும் வாருங்கள் என்றேன். குடையை எடுத்துக்கொண்டார்.

‘சாரு கோர்ட்டுக்குப் போயிருந்தா நான் காத்துக் கெடக்கலாம். இல்லன்னு ஆன பொறவு, நான் யாரப் பாக்க வாரேன்னு தெருவுல கேப்பாங்கல்லோ. அது சரியாகாதும்மா.’

அவர் சொன்னதில் பிழை இல்லை. வாசல்வரை போனேன், திரும்பிப் பார்க்காமல் போனார்.

நீ சொன்னபடி போர்டையும் ஸ்ரீஜித் கழற்றித் தந்தான். ஆபீஸ் அறையில் சுவரோடு சாத்தி வைத்திருக்கிறேன். அங்கேயும் போய்த் துடைக்கிறேன், கை கேட்கமாட்டேன் என்கிறது.

நேற்று செவ்வாய்க்கிழமை. நினைவில்லாமல் இரண்டு பேருக்குப் பால் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு இரண்டு காப்பியையும் நானே குடித்தேன், வீணாக்குவானேன்.

டிசம்பர் என்று எழுதியிருக்கிறாய். சரி, மூன்றாவது வாய்தாவும் தந்தாயிற்று. உன்னிடம் வீட்டுச் சாவி இருக்கிறது, தெரியும். இருந்தாலும் வரும்போது மணியை அடி.

உன் அம்மா,
ந. வடிவாம்பாள்