பதினேழாவது வரிசை

தம்பிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதே முறை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகளின் திருமண விருந்தினர் பட்டியலைக் கணினியில் தயாரித்து அனுப்பியவன் நீ. ஒரே தாளில் இடப்பக்கம் நம் உறவினருக்கு ஓர் அட்டவணை, வலப்பக்கம் உன் அண்ணியின் உறவினருக்கு இன்னோர் அட்டவணை. "பார்க்க அழகா இருக்கும்ணா" என்றாய். அழகாகத்தான் இருந்தது.

சென்ற மாதம், "லீவு கிடைக்கல, சாரிண்ணா" என்று ஒரு செய்தி அனுப்பினாய். நீ தோளில் தூக்கித் திரிந்த பெண்ணின் திருமணத்துக்கு மூன்றே சொற்கள். நான் உணர்ச்சிவசப்படவில்லை. பட்டியலைத் திறந்தேன். பதினேழாவது வரிசையில் உன் பெயர். ஓரத்திலிருந்த எண்ணைச் சொடுக்கி, வரிசையை நீக்கி, சேமித்து, மூடினேன். முப்பது ஆண்டுகளாகப் பல்கலைக்கழக நூலகத்தின் பட்டியலைப் பராமரிப்பவனுக்கு ஒரு பெயரை நீக்கத் தெரியாதா?

தெரியவில்லை. ஓரத்து எண்ணைத் தொட்டு நீக்கினால், தாளின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வரிசை முழுவதும் போய்விடுமாம். உன் பெயருக்கு நேராக வலது அட்டவணையில் இருந்தவர் உன் அண்ணியின் ஒரே அண்ணன். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அழைப்பிதழ்கள் போயின. மணப்பெண்ணின் தாய்மாமனுக்கு மட்டும் போகவில்லை.

அவர் வாசலில் வந்து நின்றார். "என்ன மாப்ள, உங்க தையல்காரருக்கே பத்திரிகை வந்திருக்கு. நான் செத்துட்டேன்னு யாராவது சொன்னாங்களா?" உட்காரவைத்து, அட்டவணையின் அமைப்பை இருபது நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "கம்ப்யூட்டர் பெட்டி செஞ்ச தப்புன்னா, அதை அப்படிச் செஞ்சு கொடுத்தவன் நேர்ல வந்து சொல்லட்டும். அப்புறம் கல்யாணத்துக்கு வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

பதினோரு நாட்களாக உன் அண்ணி என்னோடு பேசவில்லை. இடையில் ஒருமுறை சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "இவர் தம்பியைத் தூக்கினா எங்க அண்ணனும் சேர்ந்து போயிடுவார்னு அந்தப் பெட்டிக்கே தெரிஞ்சிருக்கு."

என் அலுவலகத் தட்டச்சர் அம்மையார்தான் இறுதியில் வழி சொன்னார். "ஓரத்து நம்பரைத் தொடவே கூடாது சார். டேபிளுக்குள்ள ரைட் கிளிக் பண்ணி, அந்த டேபிளோட வரிசையை மட்டும் டெலிட் பண்ணணும். பக்கத்து டேபிள் அசையாது." இதை நீ முதலிலேயே சொல்லியிருக்கலாம். இரு அட்டவணைகளையும் வெவ்வேறு தாள்களில் போட்டிருக்கலாம். நீ அழகு பார்த்தாய்.

பதினேழாவது வரிசையை மீண்டும் நுழைத்தேன். வலப்பக்கம் மைத்துனர் பெயரை எழுதிவிட்டேன். இடப்பக்கம் காலியாக இருக்கிறது. தினமும் காலையில் உன் அண்ணி காப்பிக் கோப்பையோடு வந்து, திரையில் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

பட்டியல் வெள்ளிக்கிழமை மண்டப மேலாளருக்குப் போகிறது. இடப்பக்கத்தை மட்டும் நீக்கும் முறை இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்னும் நீக்கவில்லை.

உன் மேலதிகாரிக்கு நல்ல புத்தி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
அண்ணன்